ஆதார் நகல் கேட்டால் அனுப்பிவிடலாமா?

(வாசகர் கேள்விகளுக்கு, பொதுத்துறை வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் தரும் பகுதி. இந்த இதழில், ஆன்லைன் நிறுவனங்கள் கேட்கும் அடையாள ஆவணங்கள் பற்றி வந்த கடிதங்கள். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.)

என் மகளுக்கு வரன் பார்க்க ஒரு திருமணத் தகவல் தளத்தில் பதிவு செய்தோம். ஆதார் அட்டையைப் பதிவேற்றினால்தான் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் வருமாம். டிக் இல்லாதவர்களை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்கிறார் அங்கிருந்து போன் செய்த பெண். மகளோ “கொடுக்காதே அம்மா” என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகி, ஈரோடு

மகள் சொல்வதை முக்கால்வாசி கேளுங்கள்.

அடையாளச் சான்று கேட்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே கல்யாணம் ஆனதை மறைப்பவர்களும், நிச்சயம் வரை பேசிப் பணம் கறப்பதற்கென்றே பதிவு செய்கிறவர்களும் இந்தத் தளங்களில் உண்டு. அதனால்தான் 2016 ஜூனில் மத்திய அரசு திருமணத் தளங்களுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பதிவு செய்கிறவரிடம் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வாங்க வேண்டும், எந்தெந்த ஆவணங்களை ஏற்போம் என்ற பட்டியலைத் தளமே சொல்ல வேண்டும் என்கிறது அது. பட்டியல் என்று இருக்கும்போது ஆதார் ஒன்றுதான் வழி என்று போனில் பேசுகிறவர் சொன்னால், அவருக்கு மாத டார்கெட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ போதுமா என்று கேளுங்கள். பான் கார்டு வேண்டாம். கடன் வாங்குவது, வரி கட்டுவது எல்லாம் அந்த எண்ணில்தான் நடக்கிறது. வரன் பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பச்சை டிக் சொல்வது என்ன? இந்தப் பெயரில் ஓர் அட்டை பதிவேற்றப்பட்டது, அவ்வளவுதான். பையனின் சம்பளம், வேலை, முந்தைய திருமணம் எதையும் அது சொல்லாது. அதையெல்லாம் நீங்கள் சொந்தக்காரர்களை விட்டு விசாரிக்கத்தான் போகிறீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் பெண்களுக்காகவே ‘டீ’ என்று ஓர் ஆப் இருக்கிறது. பழகப்போகும் ஆண்களைப் பற்றி ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வதற்கானது. சேர்கிறவர் பெண்தான் என்று உறுதிசெய்ய செல்ஃபியும் அடையாள அட்டையும் வாங்கினார்கள். சரிபார்த்தவுடன் அழித்துவிடுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். 2025 ஜூலையில் அதிலிருந்து சுமார் 72,000 படங்கள் வெளியே போயின. அவற்றில் 13,000 படங்கள் அந்தச் செல்ஃபிகளும் அட்டைகளும்தான். பாதுகாப்புக்காகக் கொடுத்ததே தெருவுக்கு வந்துவிட்டது.

ஆனால் உங்களிடம் நான் கேட்க நினைப்பது வேறு ஒன்று. மகளின் ஜாதகம் இப்போது எத்தனை பேர் போனில் இருக்கிறது? ஜாதகத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். முழுப் பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், அப்பா பெயர், அம்மா பெயர். அடியில் உங்கள் செல் நம்பர். போனில் கூப்பிடும் வாடிக்கையாளர் உண்மையானவர்தானா என்று பார்க்க வங்கியில் நாங்கள் கேட்ட கேள்விகளே பிறந்த தேதியும் அம்மா பெயரும்தான்! ஆதாருக்கு இவ்வளவு யோசிக்கிற நாம் ஜாதகத்தை மட்டும் சமுதாய வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேருக்கு அனுப்பிவிட்டு ‘நல்ல வரன் இருந்தால் சொல்லுங்கள்’ என்று போட்டுவிடுகிறோம். முதலில் ராசி, நட்சத்திரம், கட்டம் மட்டும் போகட்டும். தேதியும் பெற்றோர் பெயரும் பேச்சு முன்னேறினால் கொடுக்கலாம். பெரியவர்கள் பொருத்தம் பார்க்கத் தேதி கேட்பார்கள்தான். கேட்கிறவர் யார் என்று தெரிந்த பிறகு கொடுங்கள்.

மேடம், வாட்ஸ்அப்பில் ஆதார் அனுப்புவது பாதுகாப்பானதா? என் ஆதாரை இதனுடன் இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லவும். – வாசகர், திருவண்ணாமலை

பார்த்தேன் ஐயா. உங்கள் கதவு எண், தெரு, பிறந்த தேதி எல்லாம் இப்போது எனக்கும் பத்திரிகை அலுவலகத்தில் மின்னஞ்சல் பார்க்கும் தம்பிக்கும் தெரியும். இரண்டு பேரும் அழித்துவிட்டோம். உங்கள் போனில் அனுப்பிய அஞ்சலுக்குள் அது இன்னும் இருக்கும், அதையும் அழித்துவிடுங்கள்.

கட்டாயம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், எண் மறைத்த ஆதார் என்று ஒன்று இருக்கிறது. ‘மாஸ்க்டு ஆதார்’ என்பார்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் டவுன்லோட் செய்யும்போது அதற்கென்று ஒரு கட்டம் வரும், அதில் டிக் செய்தால் 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்து கடைசி 4 மட்டும் தெரிகிற அட்டை கிடைக்கும். கியூஆர் கோடு இருப்பதால் வாங்குகிறவர் அது போலியா இல்லையா என்று ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: எண்தான் மறையும், முகவரியும் பிறந்த தேதியும் அப்படியே இருக்கும்.

அந்தப் பிடிஎஃப் ஃபைலுக்கு பாஸ்வேர்டு உண்டு. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அது. எல்லாருக்கும் ஒரே சூத்திரம் என்பதால் பெரிய பூட்டு இல்லை. இதில் பலர் ஃபைலை அனுப்பிவிட்டு அடுத்த வரியிலேயே பாஸ்வேர்டையும் எழுதி அனுப்புகிறார்கள். நெட் சென்டரில் போய் எடுத்தீர்களென்றால், கிளம்பும்முன் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர்களின் ஆதார் எல்லாம் வரிசையாக இருக்கும். உங்களுடையதை அழித்து, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் எடுத்துவிட்டு வாருங்கள்.

காகித நகல் என்றால் அதன் குறுக்கே எழுதுங்கள்: யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி. ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி நகல் எடுத்துவிடுவார்கள். எழுத்து உங்கள் போட்டோவின் மேலும் முகவரியின் மேலும் ஓட வேண்டும், ஆனால் படிக்க முடியாமல் போகக்கூடாது. வங்கியில் இப்படி எழுதிக் கொடுத்த ஒரு நகலையும் நான் திருப்பி அனுப்பியதில்லை.

ஆன்லைன் ரம்மி ஆடிக்கொண்டிருந்தேன். ஆதார், பான், செல்ஃபி, வங்கிக் கணக்கு எல்லாம் கொடுத்திருக்கிறேன். இப்போது பணம் வைத்து ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆப்பையும் போனிலிருந்து எடுத்துவிட்டேன். கொடுத்த ஆவணங்கள் என்ன ஆகும்? வீட்டில் யாருக்கும் தெரியாது. – சேலம்

தம்பி, ஆப்பைப் போனிலிருந்து எடுத்ததால் ஒன்றும் அழியவில்லை. உங்கள் கணக்கு அவர்கள் சர்வரில் அப்படியேதான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டின் கதை கொஞ்சம் விசேஷமானது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதிமுறைகள் கொண்டுவந்தது. பணம் வைத்து ஆடுகிறவர் ஆதார் மூலம் தன்னை உறுதிப்படுத்த வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கூடாது, 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. கம்பெனிகள் உயர் நீதிமன்றம் போயின. ஆதாரைக் கட்டாயமாக்குவது ஆடுகிறவரின் அந்தரங்க உரிமையில் கை வைப்பது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அதுவரை பான், செல்ஃபி, போனில் உள்ள தொடர்பு எண்கள் என்று கிடைத்ததையெல்லாம் வாங்கி வைத்த தொழிலுக்குத் திடீரென்று அந்தரங்கத்தின் மேல் வந்த அக்கறையைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்து விதிமுறைகள் செல்லும் என்றது. அந்தரங்க உரிமைக்கும் வரம்பு உண்டு, பொதுநலன் என்று வரும்போது அது வழிவிட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களின் வீடுகளை நினைத்தால் அந்த நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயதை உறுதிசெய்ய ஆதார் ஒன்றுதானா வழி? வேறு அட்டைக்கும் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

அதற்குள் ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மத்திய அரசின் சட்டமே வந்து, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. ஆட்டம் நின்றது, ஆனால் ஆடியவர்களின் ஆவணங்கள் கம்பெனிகளிடமே இருக்கின்றன. உங்களைப் போல இந்த நிலையில் இருப்பவர்கள் ஏராளம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஆப்பை மறுபடி இறக்கி உள்ளே போங்கள், பாக்கிப் பணம் இருந்தால் எடுங்கள், கணக்கை மூடுங்கள். அப்புறம் அந்தக் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும், 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், விதியில் சொன்ன நாள்களுக்குள் தீர்க்க வேண்டும். ‘கணக்கை மூடிவிட்டேன். என் ஆதார், பான், செல்ஃபி ஆகியவற்றை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தாருங்கள். சட்டப்படி எதையாவது வைத்திருக்க வேண்டும் என்றால் எதை, எந்தச் சட்டப்படி, எவ்வளவு காலம் என்று சொல்லுங்கள்’ என்று நான்கு வரி போதும். கோபமாக எழுத வேண்டாம்.

எல்லாவற்றையும் உடனே அழித்துவிட மாட்டார்கள். நீங்கள் ஜெயித்த பணத்தில் 30 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருப்பார்கள், அந்த வரிக் கணக்குக்குப் பான் வேண்டும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வருவது 2027 மே மாதத்தில். 50 லட்சத்துக்கு மேல் பயனாளர் உள்ள விளையாட்டு நிறுவனம், மூன்று வருடம் எட்டிப்பார்க்காதவரின் தரவை அழிக்க வேண்டும், அழிப்பதற்கு 48 மணி நேரம் முன்னால் அவருக்குச் சொல்லவும் வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதுவரை சும்மா காத்திருக்காமல் இப்போதே மின்னஞ்சல் அனுப்பி அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஏதாவது கசிந்தால் நீங்கள் கேட்ட தேதி அதில் இருக்கும்.

வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பதற்கு என்னிடம் வழி இல்லை. டிடிஎஸ் பிடித்திருந்தால், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்தக் கம்பெனி பெயர் இருக்கும். உங்கள் வரிக்கணக்கை மனைவிதான் போடுகிறார் என்றால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

பழைய பைக் விளம்பரம் பார்த்துப் பேசினேன். விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம், மாற்றலாகிப் போகிறாராம். நம்பிக்கைக்காகத் தன் ராணுவ அட்டை, ஆதார், கேன்டீன் கார்டு எல்லாம் போட்டோ அனுப்பினார். பதிலுக்கு என் ஆதாரையும் கேட்கிறார், கேட் பாஸ் போடுவதற்காம். – வாசகர், விழுப்புரம்

அனுப்பாதீர்கள். அவர் அனுப்பிய அட்டையில் இருக்கும் மனிதரும் பெரும்பாலும் உங்களைப் போல ஏமாந்தவர்தான். நீங்கள் அனுப்பினால் அடுத்த ஊரில் பைக் பார்க்கிறவருக்கு உங்கள் அட்டை போகும். போலீஸ் தேடி வரும்போது வருவது உங்கள் வீட்டுக்கு. கேட்காமலே தன் ஆதாரை முன்பின் தெரியாதவருக்கு அனுப்புகிற ராணுவ வீரர் எங்கே இருக்கிறார்? அட்டை போட்டோ வைத்திருப்பது அந்த அட்டைக்காரர் என்பதற்கு அத்தாட்சியே இல்லை. ‘கேட் பாஸ் கட்டணம்’, ‘லாரி வாடகை முன்பணம்’ என்று ஏதாவது அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால் கிடைக்கும்.

வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து ஆன்லைனில் விற்கிறேன். ஒரு பெரிய தளத்தில் கடை போட பான், வங்கிக் கணக்கு, கேன்சல் செய்த செக், ஜிஎஸ்டி எல்லாம் கேட்கிறார்கள். கொடுத்தேன். இப்போது பாக்கெட்டின் மேல் என் வீட்டு முகவரியும் செல் நம்பரும் போகிறது. ராத்திரி பத்து மணிக்கு “பொடி சூப்பர், நீங்க தனியா இருக்கீங்களா” என்று மெசேஜ் வருகிறது. – வாசகி, காரைக்குடி

அந்த நம்பரை முதலில் பிளாக் செய்யுங்கள் அம்மா. மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தொடர்ந்தால் சைபர் கிரைம் தளத்தில் புகார் கொடுக்க உதவும்.

தளம் கேட்ட ஆவணங்களில் தப்பில்லை. உங்களுக்குப் பணம் அனுப்புவதற்கும் டிடிஎஸ் பிடிப்பதற்கும் பான் வேண்டும். ஜிஎஸ்டி பதிவு மட்டும் எல்லாருக்கும் கட்டாயமில்லை. சிறிய அளவில், மாநிலத்துக்குள் மட்டும் விற்கிறவர்கள் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் வழி இருக்கிறது.

சிக்கல் பாக்கெட்டில்தான். பொட்டலமிட்ட பொருள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும், புகார் சொல்ல ஒரு போன் எண்ணும் மின்னஞ்சலும் வேண்டும். உணவு என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் வர வேண்டும். வாங்குகிறவரைக் காக்க வந்த விதி, நல்ல விதிதான். பெரிய கம்பெனிக்குத் தொழிற்பேட்டை முகவரி இருக்கிறது, உங்களுக்குச் சமையலறையே தொழிற்பேட்டை என்பதை மட்டும் அது நினைத்துப் பார்க்கவில்லை. முகவரியை எடுத்துவிட முடியாது. ஆனால் அரைப்பதும் பாக்கெட் போடுவதும் அண்ணன் கடையின் பின்னறையிலோ சுயஉதவிக் குழுவின் கட்டடத்திலோ உண்மையாகவே நடந்தால், பதிவை அந்த முகவரிக்கு எடுத்து அதைப் போடலாம். போன் விஷயம் சுலபம்: வியாபாரத்துக்கென்று தனி சிம், அதில் உங்கள் முகப்படம் இல்லாத வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு, டிபி-யில் பொடி டப்பா. இரவு எட்டு மணிக்கு மேல் அந்தப் போனை அணைத்துவிடுங்கள்.

உங்கள் பக்கமும் ஒன்று பார்க்க வேண்டும். பொடி, ஊறுகாய், சேலை விற்கிறவர்கள் பலர் ‘இன்றைய பார்சல்கள்’ என்று அடுக்கி வைத்துப் படம் போடுகிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் வாங்கினவர்களின் பெயர், கதவு எண், செல் நம்பர் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் அப்படிப் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இனி பார்சலைக் கவிழ்த்து வைத்துப் படம் எடுங்கள்.

கொடைக்கானலில் ஒரு ஹோம்ஸ்டே புக் செய்தோம். போவதற்குப் பத்து நாள் முன்பே நால்வர் ஆதாரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். “எல்லாரும் அனுப்புகிறார்கள் சார்” என்கிறார்கள். – வாசகர், மதுரை

எல்லாரும் அனுப்புவதால்தான் கேட்கிறார்கள். ‘வந்ததும் அசல் அட்டையைக் காட்டுகிறேன், பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்’ என்று பதில் போடுங்கள். தங்குகிறவர் யார் என்று அவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது நியாயம், போலீஸ் கேட்டால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஓட்டுநர் உரிமம் காட்டினாலே அது நடந்துவிடும்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் தம் இஷ்டத்துக்கு ஆதாரைக் கேட்க இடம் கொடுத்த, ஆதார் சட்டத்தின் 57-ஆவது பிரிவை வெட்டியது. வழக்குப் போட்டவர்களில் முதல்வர், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி. 2012-இல் மனுப் போட்டபோதே 80 வயது தாண்டியவர். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2019 சட்டத்திருத்தத்தில், ஆதாரை ஆஃப்லைனில் சரிபார்க்கிறவர் அந்த எண்ணை வாங்கவோ சேமிக்கவோ கூடாது, வேறு என்ன ஆவணம் தரலாம் என்றும் சொல்ல வேண்டும் என்று வந்தது.

இவ்வளவு இருந்தும் ஏன் குழப்பம்? 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஹோட்டல், தியேட்டர் போன்ற உரிமம் இல்லாத தனியார் ஆதார் நகலை வாங்கி வைக்கக்கூடாது, யாருக்கும் நகல் தராதீர்கள், எண் மறைத்ததைக் கொடுங்கள் என்று அறிவித்தது. அருமையான அறிவுரை. ஊரெல்லாம் பேச்சானது. இரண்டே நாளில், மே 29 அன்று, தவறாகப் புரிந்துகொள்ளப்பட வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ‘வழக்கமான எச்சரிக்கையோடு இருங்கள்’ என்பதோடு முடித்தார்கள். மக்களுக்கு நினைவிருப்பது திரும்பப் பெற்றது மட்டும்தான்.

நகல் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஒரு டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தால் யாரோ ஓர் அம்மாவின் வாக்காளர் அட்டை நகல், எண்ணெய்க்கு நடுவே போட்டோ. எந்த அலுவலகத்தின் பழைய பேப்பரோ தெரியவில்லை. நான்கு துண்டாகக் கிழித்துப் போட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஒரு சாட் ஆப் என் வயதை நிரூபிக்க செல்ஃபி அல்லது ஐடி கேட்கிறது. எனக்கு 19. ஃபிரண்ட்ஸ் குரூப் எல்லாம் அதில்தான் இருக்கிறது. – மாணவர், கோவை

இது இனி அதிகமாகும் தம்பி. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் வயது வந்தோருக்கான தளங்கள் வயதைச் சரிபார்த்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது. நம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் 18 வயது ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், அதையும் சரிபார்க்க வேண்டும் என்று இருக்கிறது. குழந்தை யார் என்று கண்டுபிடிக்கக் கடைசியில் எல்லாரிடமும்தான் அட்டை கேட்பார்கள்.

ஐடி-யைக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற சாட் ஆப்பின் நிறுவனமே ஒப்புக்கொண்டது: ‘என் வயதைத் தப்பாகக் கணித்துவிட்டீர்கள்’ என்று முறையிட்டவர்கள் அனுப்பிய அரசு அடையாள அட்டைகளில் சுமார் 70,000 பேருடையது கசிந்திருக்கலாம் என்று. கசிந்தது டிஸ்கார்டின் சொந்த சர்வரிலிருந்து அல்ல, வாடிக்கையாளர் சேவைக்கு அவர்கள் வைத்திருந்த வெளி நிறுவனத்திலிருந்து. நீங்கள் அட்டை கொடுப்பது ஒரு கம்பெனிக்கு, அதைக் கையில் வைத்திருப்பது பெயர் தெரியாத இன்னொன்று. படம் போனை விட்டு வெளியே போகாமல் வயதைக் கணிக்கும் முறை என்று எழுதியிருந்தால் அந்தச் செல்ஃபியைக் கொடுக்கலாம். அட்டைதான் வேண்டும் என்றால் குரூப்பை வேறு ஆப்புக்கு மாற்றுங்கள். நண்பர்கள் முணுமுணுப்பார்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

நான் வாங்காத கடனுக்கு வசூல் ஆள் போன் செய்கிறார். என் பான் எண்ணில் ஏதோ ஒரு ஆப்பில் 15,000 ரூபாய் வாங்கப்பட்டிருக்கிறதாம். பான் நகலை எங்கெங்கே கொடுத்தேன் என்று நினைவே இல்லை. – வாசகர், நாகர்கோவில்

எங்கே கொடுத்தோம் என்று யோசித்துக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள், ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும். அவர்களின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். ‘ஃப்ரீ ஸ்கோர்’ என்று விளம்பரம் செய்கிற இடைத்தரகர் ஆப்பில் போய் மறுபடி பான் எண்ணைத் தட்டாதீர்கள்.

அறிக்கையில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், தேதி, கடன் கணக்கு எண் இருக்கும். ஆப்புக்குப் பின்னால் இருக்கிற வங்கியோ நிதி நிறுவனமோ யார் என்று அப்போதுதான் தெரியும். புகாரை அந்த நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்து அந்த எண்ணை இரண்டிலும் குறிப்பிடுங்கள். பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது, எந்த செல் நம்பருக்கு ஓடிபி போனது, அடையாளச் சரிபார்ப்புக்கு (கேஒய்சி) கொடுத்த செல்ஃபி எங்கே என்று அவர்களிடம் கேளுங்கள். மூன்றில் ஒன்றும் உங்களுடையதாக இருக்காது. இதைக் கேட்டதும்தான் அங்கே ஃபைலைத் திறந்து பார்ப்பார்கள்.

வசூல் ஆளிடம் ‘கொஞ்சம் கட்டிவிடுகிறேன்’ என்று பேச்சுக்குக்கூடச் சொல்லாதீர்கள். கட்டினால் கடன் உங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

புகார் கொடுத்து 30 நாளில் திருத்தவில்லை என்றால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு, 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவர்களாகத் தர மாட்டார்கள். அனுப்பிய தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, 31-ஆவது நாள் உங்கள் வங்கிக் கணக்கு எண்ணோடு கேட்டு எழுதுங்கள்.